பதில் பெறும் அளவுகோல்: நிறுவனங்களும் நிலைத்தன்மை ஒப்பீட்டு மதிப்பீடும்

ஒரே துறையில் இயங்கும் நிறுவனங்களைச் சுற்றுச்சூழல், தொழிலாளர் நலம், மனித உரிமை, நிர்வாக நேர்மை ஆகியவற்றில் ஒரே அளவுகோலால் அளந்து, வரிசைப்படுத்தி, முடிவைப் பொதுவில் வைப்பது நிலைத்தன்மை ஒப்பீட்டு மதிப்பீடு. தணிக்கை ஒரு நிறுவனத்தை விதியோடு ஒப்பிடுகிறது. ஒப்பீட்டு மதிப்பீடு அதைப் பக்கத்து நிறுவனத்தோடு ஒப்பிடுகிறது. 'உங்கள் போட்டியாளரால் முடிந்தது உங்களால் ஏன் முடியவில்லை?' என்ற கேள்வியே இதன் வலிமை.

இந்த வேலையில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. மதிப்பிடத் தேவையான விவரங்களில் பெரும்பகுதி நிறுவனத்தின் உள்ளே இருக்கிறது. ஓர் ஆலை எவ்வளவு நீர் இறைக்கிறது, கழிவை எங்கே விடுகிறது, ஒப்பந்தத் தொழிலாளருக்கு என்ன கூலி தருகிறது என்பதெல்லாம் முதலில் அதன் கணக்கேடுகளுக்கே தெரியும். மதிப்பிடுபவரிடமோ பெரும்பாலும் சட்ட அதிகாரமும் இல்லை, ஆலைக்குள் நுழையும் உரிமையும் இல்லை. எனவே கேட்டால் பதில் கிடைக்கும்படி கேட்பதும், பதில் வராதபோது அந்த மௌனத்தை எப்படிக் கணக்கில் கொள்வது என்று முடிவு செய்வதும், கிடைத்த பதிலின் உண்மையைச் சரிபார்ப்பதும் மதிப்பீட்டின் பாதி வேலையாகிவிடுகின்றன. இந்தக் கட்டுரை அந்தப் பாதியைப் பற்றியது.

வளர்ந்த வரலாறு

நிறுவனங்களைச் சமூக நோக்கில் தரம் பிரிப்பது முதலீட்டாளர்களின் தேவையிலிருந்து வந்தது. 1999-இல் டவ் ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீடு தொடங்கியது. அதற்கான வினாநிரலின்படி மதிப்பிடப்பட்ட பெரிய நிறுவனங்களுள் துறைவாரியாக முன்னணியில் நின்றவை மட்டும் அதில் இடம்பெற்றன. 2000-இல் லண்டனில் தொடங்கிய கார்பன் டிஸ்க்ளோஷர் ப்ராஜெக்ட், இன்றைய சிடிபி, வேறு வழியில் சென்றது. அது தன் பெயரில் கேட்காமல் முதலீட்டாளர்களின் பெயரில் கேட்டது. 35 முதலீட்டு நிறுவனங்கள் கையொப்பமிட்ட முதல் கடிதம், உலகின் 500 பெரிய நிறுவனங்களிடம் கரியமில வாயு வெளியேற்றத்தின் கணக்கைக் கேட்டது. அன்று பல நிறுவனங்களிடம் அப்படி ஒரு கணக்கே இல்லை. கேள்வி வந்த பிறகுதான் கணக்கு எழுதத் தொடங்கின. 2023-இல் இந்த அமைப்பின் வழியாக விவரம் வெளியிட்ட நிறுவனங்களின் எண்ணிக்கை 23,000-ஐத் தாண்டியது.

முதலீட்டாளர்களுக்கு வெளியே, பொதுநல நோக்கில் எழுந்த மதிப்பீடுகள் இன்னொரு கிளை. நெதர்லாந்திலிருந்து இயங்கும் மருந்து அணுகல் அறக்கட்டளை 2008-இல் தன் முதல் குறியீட்டை வெளியிட்டது. ஏழை, நடுத்தர வருமான நாடுகளின் நோயாளிகளுக்கு மருந்து எட்டும்படி உலகின் 20 பெரிய மருந்து நிறுவனங்கள் என்ன செய்கின்றன என்பதை அது அளந்தது. 2013-இல் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு, நெஸ்லே, யூனிலீவர், கோகோ கோலா உள்ளிட்ட பத்து உணவு, பான நிறுவனங்களை நிலம், நீர், பெண்கள், விவசாயிகள், தொழிலாளர்கள், பருவநிலை, வெளிப்படைத்தன்மை ஆகிய ஏழு தலைப்புகளில் மதிப்பிட்டது. 2017-இல் நிறுவன மனித உரிமை மதிப்பீட்டின் முதல் பட்டியல் 98 நிறுவனங்களுடன் வெளிவந்தது. இத்தகைய முயற்சிகளை ஒரு குடையின் கீழ்க் கொண்டுவர 2018-இல் உலக மதிப்பீட்டுக் கூட்டணி உருவானது. ஐக்கிய நாடுகளின் நீடித்த வளர்ச்சி இலக்குகளை எட்டுவதில் பெரும் செல்வாக்குள்ள 2,000 நிறுவனங்களை அது தேர்ந்து மதிப்பிடுகிறது.

இந்தியாவுக்கும் இதில் தனி வரலாறு உண்டு. டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 1990-களின் பிற்பகுதியில் பசுமை மதிப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 1999-இல் 28 காகித ஆலைகளின் தரவரிசை வெளியானது. உயர்ந்த தரத்துக்கு ஐந்து இலைகள் என்று வைத்திருந்தார்கள். முதலிடம் பெற்ற ஆலைக்கே மூன்று இலைகள்தான் கிடைத்தன. பிறகு வாகனம், காஸ்டிக் சோடா, சிமெண்ட், இரும்பு, அனல்மின் நிலையம் என்று திட்டம் துறை துறையாக நகர்ந்தது.

மதிப்பீடு நடக்கும் முறை

பெயர்கள் வேறுபட்டாலும் பெரும்பாலான மதிப்பீடுகள் ஒரே படிகளில் ஏறுகின்றன. முதல் படி அளவுகோலை வகுப்பது. எதை அளப்பது, எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற வரைவு தயாரானதும் அது நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள், ஆய்வாளர்கள், பாதிக்கப்படும் மக்களின் அமைப்புகள் ஆகியோரின் கருத்துக்கு விடப்படுகிறது. நிறுவனத்தோடு உறவு தொடங்கும் இடம் இதுதான். விதி எழுதப்படும்போது கருத்துச் சொன்ன நிறுவனம், பிறகு அந்த விதியையே ஏற்க மாட்டேன் என்று சொல்வது கடினம்.

இரண்டாவது படி, எந்தெந்த நிறுவனங்கள் என்று தேர்வது. விண்ணப்பித்தவர்களை மட்டும் மதிப்பிடும் முறை ஒன்று. வருவாய், சந்தைப் பங்கு, பாதிப்பின் அளவு ஆகியவற்றை வைத்து மதிப்பிடுபவரே தேர்வது மற்றொன்று. முதல் முறையில் நல்ல பிள்ளைகள் மட்டுமே வகுப்புக்கு வருவார்கள். இரண்டாவது முறையில் வர விரும்பாதவர்களின் பெயரும் பட்டியலில் இருக்கும். அதனால் அவர்களை அணுகுவதே தனி வேலையாகிறது.

மூன்றாவது படியில் தகவல் திரட்டப்படுகிறது. முன்பு வெற்று வினாநிரலை அனுப்பிவிட்டுக் காத்திருப்பதே வழக்கம். இப்போது பல மதிப்பீட்டாளர்கள், ஆண்டறிக்கை, கொள்கை ஆவணங்கள், இணையதளம் ஆகியவற்றிலிருந்து தாங்களே விடைகளை நிரப்பி, 'இது சரியா, விடுபட்டது உண்டா?' என்று நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள். வெற்றுத்தாளை ஒதுக்கி வைப்பது எளிது. தன்னைப் பற்றித் தவறாகவோ குறைவாகவோ எழுதப்பட்ட தாளைத் திருத்தாமல் விடுவது எளிதல்ல. நிறுவனத்துக்கு ஆகும் உழைப்பும் இதில் குறைகிறது.

இங்கே கொள்கை சார்ந்த ஒரு பிரிவு வருகிறது. மனித உரிமை மதிப்பீடு பொதுவில் வெளியான தகவலுக்கு மட்டுமே மதிப்பெண் தருகிறது. நிறுவனம் புதிதாக ஒன்றைச் சொல்ல விரும்பினால், குறித்த காலத்துக்குள் அதைப் பொதுவில் வெளியிட வேண்டும். மருந்து அணுகல் குறியீடோ, நிறுவனங்கள் நேரடியாக அளிக்கும் உள்விவரங்களையும் பெற்று ஆராய்கிறது. முதல் வழியில் யார் வேண்டுமானாலும் மதிப்பெண்ணைச் சரிபார்க்கலாம். ஆனால் நன்றாகச் செயல்பட்டும் எழுதிவைக்காத நிறுவனம் அதில் தாழ்ந்துபோகும். இரண்டாவது வழி ஆழமானது. ஆனால் வெளியார் அதை நம்பித்தான் ஏற்க வேண்டும்.

அடுத்து மதிப்பெண் இடுதல், உள்சரிபார்ப்பு, வரைவு முடிவை நிறுவனத்துக்குக் காட்டி உண்மைப் பிழைகளைத் திருத்த வாய்ப்பளித்தல், வெளியீடு என்று படிகள் தொடர்கின்றன. வரைவைக் காட்டும் கட்டத்தில் ஒரு கோட்டைக் காக்க வேண்டியிருக்கிறது. நிறுவனம் உண்மையைத் திருத்தலாம். தீர்ப்பைத் திருத்தக் கூடாது. கடைசிப் படி வெளியீட்டுக்குப் பிந்தைய உரையாடல். எந்தக் கேள்வியில் மதிப்பெண் போனது, துறையில் முன்னால் நிற்பவர் அதை எப்படிச் செய்தார் என்று விளக்கும் சந்திப்பு அது. அடுத்த சுற்றில் அந்த நிறுவனம் ஆர்வத்தோடு வருமா, ஒதுங்குமா என்பது பெரிதும் இந்தச் சந்திப்பைப் பொறுத்தது.

நிறுவனம் ஏன் பதில் சொல்கிறது, ஏன் மறுக்கிறது

பதில் சொல்லும் காரணங்களில் முதலாவது பணம். கேட்பவர் தன் பங்குகளை வைத்திருப்பவர் என்றால் நிறுவனம் செவிசாய்க்கும். இரண்டாவது வாணிபம். ஐரோப்பிய, அமெரிக்கப் பெருநிறுவனங்கள் தங்களுக்குச் சரக்கு அனுப்புவோரிடம் இகோவாடிஸ் போன்ற அமைப்பின் மதிப்பெண்ணைக் கேட்கின்றன. 2007-இல் பாரிஸில் தொடங்கிய அந்த அமைப்பின் பதக்கம், பல வழங்குநர்களுக்கு ஆர்டரைத் தக்கவைக்கும் சீட்டு. மூன்றாவது பெயர். போட்டியாளருக்குக் கீழே தன் பெயர் அச்சாவதை எந்த நிர்வாக இயக்குநரும் விரும்புவதில்லை. நான்காவது, உள்ளேயே இருக்கும் ஆதரவாளர்கள். பெரும்பாலான நிறுவனங்களில் சுற்றுச்சூழல், மனிதவளத் துறைகளில் மாற்றத்தை விரும்பும் அதிகாரிகள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் குறைந்த மதிப்பெண், இயக்குநர் குழுவின் முன் அவர்கள் வைக்கும் வாதத்துக்குச் சான்றாகிறது.

மறுக்கும் காரணங்களும் இதே அளவுக்குத் திடமானவை. முதலாவது களைப்பு. 2010-இல் சஸ்டெய்னபிலிட்டி என்ற ஆலோசனை நிறுவனம் கணக்கெடுத்தபோதே 108 மதிப்பீடுகள் புழக்கத்தில் இருந்தன. ஒரே நீர்க் கணக்கை ஒருவர் கனமீட்டரிலும், இன்னொருவர் ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு என்றும், மற்றொருவர் வருவாயின் விகிதத்திலும் கேட்கும்போது, நிறுவன அதிகாரியின் ஆண்டில் பாதி படிவங்களிலேயே கழிகிறது. இரண்டாவது அச்சம். வெளியிட்ட விவரம் வழக்கிலோ போராட்டத்திலோ தனக்கு எதிராகத் திரும்பும் என்று சட்ட ஆலோசகர்கள் எச்சரிக்கிறார்கள். மூன்றாவது, கேள்வி தன் உலகத்துக்குப் பொருந்தாது என்ற உணர்வு. பங்குச்சந்தையில் இல்லாத குடும்ப நிறுவனங்கள், அரசு நிறுவனங்கள், தென்னாசிய நாடுகளின் நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு, ஐரோப்பாவில் எழுதப்பட்ட வினாநிரல் அந்நியமாகத் தெரிவது இயல்பு. நான்காவது, மௌனமே லாபம் என்ற கணக்கு. பதில் சொன்னவனின் குறைதான் வெளியே தெரியும் என்றால், சொல்லாமல் இருப்பதே புத்திசாலித்தனம். நல்ல மதிப்பீட்டு முறை முதலில் உடைக்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

பதில் பெறும் வழிகள்

மௌனத்துக்கு விலை வைப்பது முதல் வழி. சிடிபி, கேட்டும் பதில் தராத நிறுவனத்துக்கு 'எஃப்' என்ற மதிப்பெண்ணை இடுகிறது. அந்த நிறுவனத்தின் செயல்பாடு மோசம் என்பது அதன் பொருளல்ல; மதிப்பிடப் போதிய தகவலைத் தரவில்லை என்பதே. ஆனால் பட்டியலைப் பார்ப்பவர் கண்ணுக்கு அது கடைசி இடம். இந்தியாவின் பசுமை மதிப்பீட்டுத் திட்டமும் இதே நெறியில் நின்றது: ஒத்துழைத்தாலும் இல்லாவிட்டாலும் மதிப்பீடு உண்டு. 2015-இல் 47 அனல்மின் நிலையங்களை மதிப்பிட்டபோது, நாட்டின் மிகப் பெரிய மின் உற்பத்தி நிறுவனம் தன் நிலையங்களின் விவரங்களைத் தரவில்லை. மதிப்பீட்டாளர்கள் நேரடிக் கள ஆய்வையும் பொதுவில் கிடைத்த தகவல்களையும் வைத்து அவற்றையும் பட்டியலில் சேர்த்தார்கள். தப்பிக்கும் கதவு இல்லை என்று தெரிந்தபின் உள்ளே வருவோர் கூடுகிறார்கள்.

திருந்த நேரம் தருவது இரண்டாவது வழி. இந்தோனேசியாவில் 1995-இல் தொடங்கிய புரோபர் திட்டம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நீர் மாசைக் கட்டுப்படுத்துவதில் ஆலைகளின் தரத்தைத் தங்கம், பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்ற ஐந்து நிறங்களால் அரசு குறித்தது. முதல் சுற்றின் 187 ஆலைகளில் மூன்றில் இரண்டு பங்கு சிவப்பிலோ கறுப்பிலோ விழுந்தன. அரசு பச்சை பெற்ற ஐந்து ஆலைகளின் பெயரை மட்டும் ஜூன் மாதத்தில் பாராட்டி வெளியிட்டது. மற்றவர்களுக்கு அவர்களின் நிறத்தைத் தனியே சொல்லி, ஆண்டு முடிவதற்குள் திருத்திக்கொள்ளச் சொன்னது. அந்த ஆறு மாதங்களில் சில ஆலைகள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைச் சீர்செய்து மேல் நிறத்துக்கு ஏறின. படிப்பறிவு குறைந்தவருக்கும் புரியும் நிறங்களைத் தேர்ந்ததும் அதன் வெற்றிக்கு ஒரு காரணம். ஆலைக்குப் பக்கத்தில் வாழ்பவர் அட்டவணையைப் படிக்க வேண்டியதில்லை. நிறத்தைப் பார்த்தால் போதும்.

கட்டிடங்களையும் மனைவணிக நிதிகளையும் மதிப்பிடும் க்ரெஸ்ப் அமைப்பு, இதே அறிவை வேறு வடிவில் கையாள்கிறது. முதன்முறை பங்கேற்கும் நிறுவனம் விரும்பினால், அந்த ஆண்டின் மதிப்பெண்ணை முதலீட்டாளர்களுக்குக் காட்டாமல் வைத்துக்கொள்ளலாம். முதல் தேர்வை ஒத்திகையாக எழுத விடும் இந்தச் சலுகை, தயங்கி நின்றவர்களை உள்ளே இழுக்கிறது. அடுத்த ஆண்டு மதிப்பெண்ணை மறைக்க முடியாது என்பதால், இடைப்பட்ட காலம் உழைப்பில் கழிகிறது.

கேட்கும் குரலைப் பெருக்குவது மூன்றாவது வழி. மனித உரிமை மதிப்பீட்டில், தன் செயலால் யாருக்கு என்ன தீங்கு நேரும் என்று ஆராய்ந்து தடுக்கும் கடமைப் பகுதியில் பல நிறுவனங்கள் முழுப் பூஜ்யம் வாங்கின. 2020-இல் 170-க்கும் மேற்பட்ட முதலீட்டு நிறுவனங்கள் கூட்டாகக் கையொப்பமிட்டு அத்தகைய 95 நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பின. மதிப்பிடும் சிறு அமைப்பின் மின்னஞ்சலைத் தள்ளிப்போடும் நிறுவனம், தன் பங்குதாரர்களின் கூட்டுக் கடிதத்தைத் தள்ளிப்போட முடியாது. சிடிபியின் அனுபவமும் இதையே காட்டுகிறது: முதலீட்டாளர்கள் நேரடியாகத் தொடர்புகொண்டு கேட்ட நிறுவனங்கள், கேட்காதவற்றைப் போல இருமடங்குக்கும் மேலான விகிதத்தில் விவரம் வெளியிட்டன.

ஆக்ஸ்ஃபாம் இதே பெருக்கத்தை நுகர்வோர் வழியாகச் செய்தது. பத்து நிறுவனங்களின் மதிப்பெண் பட்டியலை மக்களிடம் கொடுத்து, அவர்களைக் கையெழுத்திட வைத்தது. 2013 நவம்பரில் கோகோ கோலா, தனக்குச் சர்க்கரை வழங்குவோர் விவசாயிகளின் நிலத்தைப் பறித்தால் ஏற்பதில்லை என்ற கொள்கையை அறிவித்தது. மதிப்பெண் பலகை மட்டும் இருந்திருந்தாலும், கையெழுத்து இயக்கம் மட்டும் இருந்திருந்தாலும் இது நடந்திருக்குமா என்பது ஐயமே. பலகை எதைக் கேட்பது என்று சொன்னது. இயக்கம் கேட்பவர்களைத் திரட்டியது.

நான்காவது வழி மனித உறவு. வினாநிரலை நிறுவனத்தின் பொது மின்னஞ்சலுக்கு அனுப்பினால் அது அங்கேயே கிடக்கும். சரியான துறையின் சரியான அதிகாரியைக் கண்டுபிடிப்பது, முன்கூட்டியே கால அட்டவணை தருவது, ஆண்டறிக்கை தயாராகும் மாதங்களைத் தவிர்ப்பது, ஒரே மதிப்பீட்டாளர் ஆண்டுக்காண்டு தொடர்ந்து பேசுவது, உள்ளூர் மொழியில் விளக்கம் தருவது என்று எளிதாகத் தோன்றும் ஏற்பாடுகளே பதில் விகிதத்தை உயர்த்துகின்றன. நிறுவனத்தின் நாட்டையும் தொழிலையும் அறிந்தவர் தொடர்புகொள்ளும்போது, கேள்வியின் பொருள் என்ன என்ற குழப்பமே பாதி தீர்ந்துவிடுகிறது.

இந்தியாவில்: விருப்பத்திலிருந்து கட்டாயத்துக்கு

பதில் பெறும் வேலையை அரசே எளிதாக்கிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2011-இல் நிறுவன விவகார அமைச்சகம் ஒன்பது நெறிகள் கொண்ட தன்னார்வ வழிகாட்டியை வெளியிட்டது. 2012-இல் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, முதல் 100 நிறுவனங்கள் பொறுப்பு அறிக்கை அளிக்க வேண்டும் என்றது. அந்த வட்டம் 500 ஆகி, பிறகு 1,000 ஆனது. 2021 மே மாதத்தில் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை என்ற புதிய வடிவம் அறிவிக்கப்பட்டது. 2022–23 நிதியாண்டிலிருந்து சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்களுக்கு அது கட்டாயமானது. 2023-இல் அதன் சாரமான குறியீடுகளுக்கு வெளியார் சான்று தேவை என்ற விதி வந்தது. வெளியேற்றம், நீர், ஆற்றல், கழிவு, ஊழியர் நலம், பாலினச் சமநிலை போன்றவை அதில் அடங்கும். முதல் 150 நிறுவனங்களில் தொடங்கி ஆண்டுக்காண்டு விரியும் ஏற்பாடு இது.

மதிப்பிடுபவர்களுக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. முன்பு கெஞ்சிக் கேட்க வேண்டியிருந்த எண்கள் இப்போது ஒரே வடிவில், ஒரே அலகில் பொதுவில் கிடக்கின்றன. நிறுவனத்தோடு பேசும் நேரத்தை, எண்ணைக் கேட்பதில் செலவிடாமல் எண்ணின் பொருளைக் கேட்பதில் செலவிடலாம். மதிப்பிடுபவர்களையும் செபி விதிக்குள் கொண்டுவந்தது. 2023 முதல் நிலைத்தன்மைத் தரம் வழங்கும் அமைப்புகள் பதிவு செய்துகொள்ள வேண்டும். தம் முறையை வெளியிட வேண்டும். அடுத்த ஆண்டு ஐரோப்பிய ஒன்றியமும் இதற்கெனத் தனி ஒழுங்குமுறையை நிறைவேற்றியது.

ஆனால் கட்டாயம் எட்டுவது பட்டியலிடப்பட்ட பெருநிறுவனங்களைத்தான். திருப்பூரின் பின்னலாடைக் கூடங்கள், திண்டுக்கல், கோவை வட்டாரங்களின் நூற்பாலைகள், வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் ஆகியவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றை மதிப்பீட்டின் வட்டத்துக்குள் இழுப்பது வெளிநாட்டு 'பையர்'தான். ஆடை நிறுவனங்கள் தம் வழங்கல் தொடரில் கட்டாய உழைப்பைத் தடுக்க என்ன செய்கின்றன என்று ஆராயும் நோ த செயின் மதிப்பீடு 2016-இல் தொடங்கியது. அதில் கேள்வி கேட்கப்படுபவர் லண்டனிலோ நியூயார்க்கிலோ இருக்கும் பிராண்டு. பதில் உருவாக வேண்டிய இடமோ விடுதியில் தங்கி வேலைபார்க்கும் இளம்பெண்கள் நிறைந்த நூற்பாலை. திருமணத்துக்குப் பணம் தருவதாகச் சொல்லி இளம்பெண்களை ஆண்டுக்கணக்கில் வேலையில் இருத்திய, தமிழ்நாட்டு நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டம் குறித்த ஆய்வறிக்கைகள் 2010-களின் தொடக்கத்தில் வெளிவந்தபோது, தங்கள் துணிக்கு நூல் எங்கிருந்து வருகிறது என்பதே பல பிராண்டுகளுக்குத் தெரியவில்லை. தையல் கூடம் வரை தெரிந்திருந்தது. அதற்குப் பின்னால் இருந்த ஆலை தெரியவில்லை. வழங்குநர் பட்டியலை வெளியிட வேண்டும் என்று மதிப்பீடுகள் வற்புறுத்தியது அந்த இருட்டை ஓரளவு விலக்கியிருக்கிறது.

கட்டளை மேலிருந்து வரும்போது செலவு கீழே இறங்குகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு சிறு ஏற்றுமதியாளர் நான்கு பையர்களுக்கு நான்கு விதமான 'ஆடிட்' நடத்திக் கட்டணமும் செலுத்துகிறார். பையர் விலையைக் கூட்டுவதில்லை. சுத்திகரிப்புக்கும் கூலிக்கும் வேண்டிய பணம் விலையில் இல்லாதபோது, கேள்விக்கு உரிய விடை தாளில் மட்டும் எழுதப்படும். அதனால்தான் நோ த செயின் போன்றவை, பிராண்டின் கொள்முதல் நடைமுறையையும், அதாவது அது தரும் விலை, கெடு, ஆர்டர் ரத்து ஆகியவற்றையும், மதிப்பெண்ணுக்குள் கொண்டுவந்தன. வழங்குநரை மட்டும் தேர்வெழுத வைத்து, தேர்வை வைப்பவரை விட்டுவிடும் அளவுகோல் நியாயமானதாகாது.

எங்கே தவறுகிறது

பதில் கிடைத்துவிட்டால் உண்மை கிடைத்துவிட்டது என்று கொள்ள முடியாது. 2015 செப்டம்பரில் டவ் ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீடு, வாகனத் துறையின் முன்னோடியாக வோக்ஸ்வாகனைக் குறித்திருந்தது. அதே மாதம் 18-ஆம் தேதி, அந்த நிறுவனம் டீசல் கார்களின் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளைப் பொருத்தியிருந்ததை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளிப்படுத்தியது. உலகம் முழுவதும் சுமார் 1.1 கோடி கார்களில் அது இருந்தது. அக்டோபரில் குறியீட்டிலிருந்து நிறுவனம் நீக்கப்பட்டது. வினாநிரலுக்கு மிகத் திறமையாக விடையளித்த நிறுவனம்தான் அது.

தொழிலாளர் துறையில் இந்தப் பிழையின் விலை உயிர்கள். 2012 செப்டம்பரில் கராச்சியின் ஆடைத் தொழிற்சாலையொன்று, வெளியேறும் கதவுகள் பூட்டிக் கிடந்த நிலையில் எரிந்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அது சர்வதேசச் சமூகத் தரச் சான்றிதழைப் பெற்றிருந்தது. சான்று, மதிப்பெண், பதக்கம் ஆகிய எதுவும் பூட்டிய கதவைத் திறக்காது. அந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்று சொல்லக்கூடியவர் உள்ளே வேலை செய்பவர். அவரைக் கேட்காத மதிப்பீடு, நிர்வாகத்தின் குரலையே திருப்பி ஒலிக்கிறது.

திண்டுக்கல்லில் நடந்தது இதற்கு மாற்றுத் திசையைக் காட்டுகிறது. 2021 ஜனவரியில் ஓர் ஆடை ஆலையின் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். அதன்பின் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடியது. 2022-இல் ஆலை நிர்வாகம், சங்கம், சர்வதேசப் பிராண்டுகள் ஆகியோர் பாலின வன்முறையைத் தடுக்கும் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்கள். தொழிலாளர்களே கண்காணிப்பவர்களாகப் பயிற்சி பெற்றார்கள். ஒப்பந்தத்தை மீறினால் வணிகத்தில் விளைவு உண்டு என்று எழுதப்பட்டது. வெளியார் ஆண்டுக்கொருமுறை வந்து நிரப்பும் படிவத்துக்கு எட்டாத செய்தி, அன்றாடம் இயந்திரத்தருகே நிற்பவர்களிடம் இருக்கிறது.

மதிப்பீடுகள் தமக்குள்ளேயே முரண்படுவதும் பெரிய குறை. பெர்க், கோல்பெல், ரிகோபான் ஆகிய மூவர் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, ஆறு முன்னணித் தரமதிப்பீட்டு அமைப்புகளின் மதிப்பெண்களை ஒப்பிட்டது. அவற்றுக்கிடையே சராசரி ஒட்டுறவு 0.54 மட்டுமே. வேறுபாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு, ஒரே விஷயத்தை ஒவ்வொருவரும் வேறு விதமாக அளப்பதால் வந்தது. ஒருவரிடம் முதலிடமும் இன்னொருவரிடம் கடைசி இடமும் பெறும் நிறுவனம் எந்த மதிப்பெண்ணை நம்பித் தன்னை மாற்றிக்கொள்ளும்? தனக்குச் சாதகமானதை விளம்பரத்தில் போட்டுக்கொண்டு மற்றதை மறந்துவிடவே செய்யும்.

மூன்றாவது குறை, நெருக்கத்தின் ஆபத்து. நிறுவனத்தின் ஒத்துழைப்பு இல்லாமல் மதிப்பீடு இல்லை என்பதால், அந்த ஒத்துழைப்பை இழக்கும் பயம் மதிப்பிடுபவரின் கையைத் தடுக்கலாம். மதிப்பிடப்படுபவரே கட்டணம் செலுத்தும் முறையில் இது இன்னும் கூடும். மதிப்பெண் இடும் அமைப்பே, மதிப்பெண் உயர ஆலோசனை விற்றால், தேர்வு வைப்பவரே தனிப்பயிற்சி நடத்துவது போலாகிவிடும். செபியின் விதிகளும் ஐரோப்பிய விதியும் இந்த முரண்பட்ட நலன்களைப் பிரிக்கவே முயல்கின்றன.

நான்காவது, பேச்சுக்குக் கிடைக்கும் மதிப்பெண். கொள்கை, குழு, இலக்கு ஆகியவற்றை எழுதிவைத்தால் மதிப்பெண் கிடைக்கும் கேள்விகள் பல மதிப்பீடுகளில் அதிகம். ஆலோசகரை அமர்த்தி அவற்றை எழுதிக்கொள்ளப் பெரிய நிறுவனத்தால் முடியும். நன்றாக நடக்கும் சிறிய நிறுவனத்தால் முடியாது. விளைவில், அளக்கப்படுவது நிறுவனத்தின் நடத்தையா, அதன் அறிக்கைத் துறையின் அளவா என்ற கேள்வி எழுகிறது.

பலன் உண்டா

இத்தனை குறைகளுக்கு நடுவிலும் மதிப்பீடு வீண் என்று சொல்லிவிட முடியாது. சாட்டர்ஜி, டாஃபல் ஆகிய இருவர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க நிறுவனங்கள் முதன்முறை சுற்றுச்சூழல் தரம் பெற்றபின் என்ன செய்தன என்று பார்த்தது. மோசமான தரம் பெற்றவை மற்றவற்றைவிட அதிகமாகத் தங்கள் செயல்பாட்டைத் திருத்திக்கொண்டன. கடுமையான சட்டக் கட்டுப்பாடு உள்ள துறைகளிலும், குறைந்த செலவில் திருத்தும் வாய்ப்பு இருந்த நிறுவனங்களிலும் மாற்றம் பெரிதாக இருந்தது. சட்டம் இல்லாத இடத்தை மதிப்பெண் நிரப்பாது. சட்டம் நிற்கும் இடத்தில் அதற்குத் தோள் கொடுக்கும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இந்தியக் காஸ்டிக் சோடாத் துறை அதற்கு நல்ல சான்று. பாதரசக் கலங்களைப் பயன்படுத்திய ஆலைகள் எவ்வளவு பாதரசத்தைச் சூழலில் இழக்கின்றன என்பதைப் பசுமை மதிப்பீட்டுத் திட்டம் 2002-இல் துறை முழுவதுக்குமாக வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2003-இல் அரசும் தொழில்துறையும் ஏற்ற சுற்றுச்சூழல் பொறுப்புச் சாசனத்தில் அந்தத் தொழில்நுட்பத்தைப் படிப்படியாகக் கைவிடும் திட்டம் இடம்பெற்றது. அனல்மின் நிலையங்களின் மதிப்பீடு வந்த 2015-ஆம் ஆண்டின் டிசம்பரிலேயே, அவற்றுக்கான கடுமையான புதிய புகை வரம்புகளை மத்திய அரசு அறிவித்தது. இவை மதிப்பீட்டால் மட்டுமே நடந்தவை அல்ல. ஆனால் துறையின் நிலை ஒரே பார்வையில் தெரியும்படி ஓர் ஆவணம் மேசைமேல் இருந்தபோது, தெரியாது என்று சொல்ல யாராலும் முடியவில்லை. மருந்துத் துறையிலும் இந்த இழுப்பு தெரிகிறது. மருந்து அணுகல் குறியீட்டில் பல சுற்றுகளாக கிளாக்ஸோஸ்மித்க்ளைன் முதலிடத்தில் நின்றது. 2024-இல் நோவார்ட்டிஸ் அதை முந்தியது. ஏழை நோயாளிகளுக்கு மருந்தை எட்டவைப்பதில் இரு பெருநிறுவனங்கள் போட்டியிடுவது முன்பு கேள்விப்படாதது.

நல்ல ஈடுபாட்டின் இலக்கணம்

இதுவரை கண்டவற்றிலிருந்து சில நெறிகள் தெளிகின்றன. பட்டியலில் யார் இடம்பெற வேண்டும் என்பதை மதிப்பிடுபவரே தீர்மானிக்க வேண்டும். பதில் வராவிட்டாலும் பெயர் நீங்கக் கூடாது. பொதுவில் உள்ளதை நிறுவனத்திடம் திரும்பக் கேட்காமல், இல்லாததை மட்டும் கேட்க வேண்டும். புதியவர்களுக்கு ஒரு சுற்று அவகாசம் தரலாம். இரண்டாவது சுற்றில் சலுகை கூடாது. உண்மையைத் திருத்தும் உரிமை நிறுவனத்துக்கும், தீர்ப்பை எழுதும் உரிமை மதிப்பிடுபவருக்கும் என்ற எல்லை எழுத்தில் இருக்க வேண்டும். யார் பணம் தருகிறார் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். எழுதிய கொள்கையைவிட நடந்த செயலுக்கும், செயலைவிட விளைவுக்கும் கூடுதல் மதிப்பெண் வேண்டும். பிராண்டிடம் கேட்கும் கேள்வி, அது தரும் விலையையும் தொட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுவனத்தோடு உரையாடும் அதே சிரத்தையோடு, நிறுவனத்தால் பாதிக்கப்படுபவரோடும் உரையாட வேண்டும். சாய நீர் கலந்த நொய்யல் ஆற்றின் கரையில் நிலம் வைத்திருந்த விவசாயிக்கு, எந்த ஆலை எப்போது கழிவைத் திறந்துவிடுகிறது என்பது அறிக்கை வருவதற்கு முன்பே தெரியும். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது, அந்த விவசாயிகள் விடாமல் தொடுத்த வழக்கின் முடிவில்தான். ஒரு மதிப்பீட்டின் கடைசிச் சோதனை, நிறுவனம் கொடுத்த பதிலும் ஆற்றங்கரையில் கிடைக்கும் பதிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதே. இரண்டையும் கேட்டு, வேறுபாட்டை மறைக்காமல் எழுதும் மதிப்பீட்டின் மதிப்பெண்ணை மக்கள் நம்புவார்கள். மக்கள் நம்பும் மதிப்பெண்ணுக்குத்தான் நிறுவனங்களும் பதில் சொல்ல வரும்.